சிஞ்ஞோராவுக்கு ஒரு சின்னத் துப்பாக்கி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மூன்று கைத்துப்பாக்கிகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை புள்ளி என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். மூன்றும் நீலப் பிளாஸ்டிக்தான். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதானே. அதனால் எங்கள் வீடு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்று எழுத வந்தேன்; அதுவும் பொய். அப்போது எனக்கு ஒன்றுமே தெரியாது.

இத்தாலியில், பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பா வுச்சீரியாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அந்த முதலாளி அப்பாவின் பெயரை எந்தக் கடதாசியிலும் எழுதவில்லை. கடதாசியில் வேலை இருந்தது அம்மாவுக்கு மட்டும். ஆகவே எங்கள் மூன்று பேரின் பெர்மெஸ்ஸோவும், அதுதான் இந்த நாட்டில் இருப்பதற்குத் தருகிற அனுமதி, அம்மாவை நம்பித்தான் இருந்தது. அந்த வருடம் அது முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் அம்மா வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, அந்த வீட்டு எசமானி, புதிய வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கோடை விடுமுறை முடிந்ததும் கையெழுத்து வைக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்பார்: “மனுசி சைன் வைச்சிட்டாவோ?”

சிஞ்ஞோரா நல்ல மனுசி. அறுபது வயது, தனியாள், போலித்தியாமா அரங்குக்குக் கிட்ட ஒரு சின்ன நகைக்கடை வைத்திருந்தார். அம்மாவும் அவரும் ஒரே உயரம், ஒரே மெலிவு. அவர் கழித்துவிட்ட உடுப்புகள் அப்படியே அம்மாவுக்குப் பொருந்தும். தலைமயிரை மறைத்துவிட்டுப் பின்னால் நின்று பார்த்தால் யார் எவர் என்று நானே தடுமாறியிருப்பேன்.

பள்ளிக்கூட விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா தன்னோடு கூட்டிப்போவார். நான் அப்படி நினைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன் என்று நினைத்தேன். அம்மாவின் இத்தாலியன் குசினியோடும் சலவையோடும் நின்றுவிடும். அதற்கு அப்பால் எல்லாம் என் வாய்தான். வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். இப்போது அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறேன், ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. குவெஸ்தூராவில், வெளிநாட்டுக்காரரின் கடதாசி பார்க்கிற பொலிஸ் கந்தோரில், ஒரு அதிகாரி என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லி இனிப்புத் தந்த நாளில் இருந்து தலைக்கனமும் சேர்ந்திருந்தது. அங்கே போகும்போதெல்லாம் அம்மா சொல்வார், “அவை கேக்கிறதை அப்பிடியே சொல்லு. நான் சொல்லுறதையும் அப்பிடியே சொல்லு. ஒண்டும் கூட்டாதை, குறைக்காதை.” குறைக்கக்கூடாது என்ற பாதியை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் சிஞ்ஞோராவின் கடைக்குள் இரண்டு பேர் புகுந்து, அவரைக் கழிப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு கதவு கொஞ்சம் பலமாகச் சாத்தப்பட்டாலும் அவர் ஓடிப்போய்ப் பூட்டைச் சரிபார்ப்பார். மனுப் போட்டு, மாதக்கணக்கில் அலைந்து, கைத்துப்பாக்கியை உடம்பில் மறைத்துக் கொண்டுபோக அனுமதி எடுத்தார். இத்தாலியில் அது லேசில் கிடைக்காது. கிடைத்த பிறகு, எதை வாங்குவது என்பது அடுத்த சிக்கல். அசலை வாங்க முன்னம் உடுப்போடு வைத்துப் பாருங்கள் என்று துப்பாக்கிக் கடைக்காரர் மூன்று நீல மாதிரிகளைப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். அசலின் அதே உருவம், அதே பாரம். இடுப்பில் செருகுகிற உறைகளும் இருந்தன.

ஒரு முற்பகல். வெயிலுக்காக யன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. அம்மா அயனால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா நடைக்கூடத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாய் இடுப்பில் செருகி, இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, தன் முதுகைத் தானே பார்க்க முடியாமல் அவதிப்பட்டார். கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டார். நீ என் அளவுதானே, நீ கட்டிக்கொண்டு நட, நான் பார்க்கிறேன் என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா நிமிரவில்லை.

“மினுக்கிறதுக்கு நிறையக் கிடக்கு எண்டு சொல்லு.”

அதையும் சொன்னேன். உடுப்பு எங்கும் ஓடிவிடாது என்று சிஞ்ஞோரா சிரித்தார். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “பிளாஸ்டிக்தானே அம்மா. ஒருக்கா நடந்து காட்டுங்கோவன்.” அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் களைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். கையெழுத்து வைக்கவேண்டிய மனுசி கேட்கிறார். எத்தனை தரம்தான் மாட்டேன் என்பது. அம்மா அயனை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

அந்த முதல் மாதிரியை அவர் கையில் வாங்கிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதன் வாய் நிலத்தைப் பார்க்கப் பிடித்தார். விரல் விசைக்குக் கிட்டவும் போகவில்லை. அடுத்ததை எடுத்தபோது மற்றக் கை தானாகப் போய் அதன் மேற்பகுதியைப் பின்னால் இழுக்கப் பார்த்தது. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் எங்கே அசையும்? விளையாட்டுத் துவக்குக்குள் குண்டு இருக்கிறதா என்று பார்க்கிறாரே, எங்கள் அம்மா எவ்வளவு மொக்கு என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை.

பிறகு நடந்தார். கூடத்தின் அந்தம் வரை போய்த் திரும்பி, நிலத்தில் கிடந்த எதையோ எடுப்பதுபோலக் குனிந்து, கதிரையில் இருந்து எழும்பினார். குனிந்து காட்டு, இருந்து காட்டு என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்று புள்ளி போட்டேன்.

ஒன்று ஐந்து குண்டு போடுகிற ரிவால்வர். அதன் உருளை, சட்டைக்குள் தேசிக்காயை ஒளித்ததுபோலத் துருத்திக்கொண்டு நின்றது. நாலு புள்ளி கொடுத்தேன். இன்னொன்று என் கையளவுதான், தட்டை. சிஞ்ஞோராவுக்கு ஆசை அதில்தான். செருகிய இடமே தெரியவில்லை என்பதால் பத்துக்குப் பத்து என்றேன். அம்மா அதைத் திரும்ப எடுத்து, பிடியில் இரண்டு விரலுக்கு மேல் நிற்காததைக் காட்டினார்.

“சின்னன் எண்டு இதை எடுக்க வேண்டாம் எண்டு சொல்லு. கைக்குப் பிடிபடாது. பயத்திலை கை வேர்த்தால் வழுக்கிப் போடும்.”

மற்றது நடுத்தரம். பிடி முழுக் கைக்கும் அமைந்தது, உடம்பு கொஞ்சம்தான் தடிப்பு. அம்மா அதை இடுப்பில் சற்று முன்னுக்குத் தள்ளிச் செருகி, மேற்சட்டையைத் தளர்த்திவிட்டு நடந்தார், குனிந்தார். ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு தெளிவு இருந்தது. வேலை தெரிந்தவர்களுக்கு வருகிற முகம். சமைக்கும்போதுகூட அம்மாவுக்கு அப்படி ஒரு முகம் வந்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கைப்பைக்குள் வைக்கலாம் என்றல்லவா இருந்தேன் என்று சிஞ்ஞோரா இழுத்தார். அம்மா கூடாதென்று தலையை ஆட்டினார். “மோட்டச்சைக்கிளிலை வந்து பையை இழுத்தாங்கள் எண்டால் அதோடை பிஸ்டலும் போச்சு. உடம்பிலைதான் இருக்கவேணும். கட்டினாப் பிறகு தொட்டுத் தொட்டுப் பாக்கவும் கூடாது. தொடுறவள்தான் பிடிபடுவள்.”

ஒரு சொல் விடாமல் கொடுத்தேன். என் இத்தாலியன் அன்றைக்கு எனக்கே பிடித்திருந்தது. சிஞ்ஞோரா, உன் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். கேள்வியை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அப்போதுதான் அம்மாவுக்கு நித்திரையால் எழும்பினது மாதிரி இருந்திருக்க வேண்டும். இடுப்பில் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தார்.

“படத்திலை பாத்தது எண்டு சொல்லு.”

சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் அது சரியில்லையே. சரியில்லாததைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்க எனக்கு வராது. “படத்தில் பார்த்தது என்கிறார், ஆனால் அம்மா அப்படிப் படம் பார்ப்பதே இல்லை, சிஞ்ஞோரா. தொலைக்காட்சியில் சுடத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுவார். அப்பாவையும் பார்க்க விடமாட்டார்,” என்று முடித்தேன்.

நான் கூட்டியது அம்மாவுக்கு விளங்கவில்லை. சிஞ்ஞோராவின் முகத்தைப் பார்த்து, ஏதோ கூடிவிட்டது என்று மட்டும் விளங்கிக்கொண்டார். சிஞ்ஞோரா மூன்று மாதிரிகளையும் மெல்லப் பைக்குள் போட்டார். அம்மா மினுக்கப் போனார். எனக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. நல்லாய் மொழிபெயர்த்ததற்காகக் கிடைத்தது என்று நினைத்து ஆறுதலாகச் சாப்பிட்டேன்.

சிஞ்ஞோரா அம்மா சொன்ன அதே நடுத்தரத்தையே வாங்கினார். அம்மா காட்டிய இடத்திலேயே செருகிக்கொண்டு கடைக்குப் போய்வந்தார். இரண்டு கிழமை கழித்து, தன் பெறாமகள், கூடப்பிறந்தவளின் மகள், வந்து இருக்கப் போகிறாள், இனி வேலைக்கு ஆள் தேவைப்படாது என்றார். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னார் அம்மா. கேட்டேன். சிஞ்ஞோரா இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஒரு பை உடுப்பும் தந்தார். நாங்கள் வெளியே வந்ததும் கதவுக்குப் பின்னால் பூட்டு இரண்டு தரம் திரும்பியது. மூன்று வருடமாக அவருக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்து பார்த்த மனுசிக்கு இரண்டு பூட்டு. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அன்று பின்னேரம் அப்பா என்னை முன்னால் நிறுத்தி, நடந்ததை முழுக்கச் சொல்லவைத்தார். சொல்லச் சொல்ல அவருடைய முகம் செத்துப்போனது. “உன்னை ஆர் அதைச் சொல்லச் சொன்னது?” என்று கையை ஓங்கினார். அம்மா நடுவில் வந்து நின்றார்.

“விடுங்கோ. பிள்ளை பொய் சொல்லேல்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது.”

அம்மா ஆறு வருடம் இயக்கத்தில் இருந்தவர் என்பதை அப்பாதான் எனக்குச் சொன்னார், அதுவும் என் பதினெட்டாவது வயதில். அம்மாவின் பதினேழு வயதில் தொடங்கி, வன்னியில். சேர்ந்தாரா, சேர்த்தார்களா என்று அப்பாவும் சொல்லவில்லை. சீருடை இல்லாமல், சட்டைக்குள் பிஸ்டலோடு சனத்துக்குள் போய்வருகிற வேலையாம். பெர்மெஸ்ஸோவுக்கு எழுதிக்கொடுத்த கதையில் அம்மா வீட்டோடு இருந்த பெண். அந்தக் கதை உடைந்தால் மூன்று பேரையும் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அம்மா இதைப் பற்றி என்னோடு இன்றுவரை ஒரு சொல் கதைத்ததில்லை.

அந்த ஓகஸ்டில் எங்கள் வீட்டு மணி அடித்தால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். தெருவில் பொலிஸ் கார் நின்றால் அது போகும்வரை அப்பா யன்னலை விட்டு அசையமாட்டார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார். சமையலும் அப்பாதான். நான் சிஞ்ஞோராவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பெறாமகள் போனதும் எங்களைத் தேடி வருவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. யாரும் வரவில்லை, பொலிசும் வரவில்லை. சிஞ்ஞோரா ஒருவருக்கும் சொல்லவில்லை போலும்.

ஒரு நாள் அம்மா எழும்பி முகம் கழுவி, தலை இழுத்து, என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

“அம்மாவுக்கு என்ன தெரியும் எண்டு ஆரும் கேட்டால், தையல் தெரியும் எண்டு சொல்லு.”

“உங்களுக்குத் தைக்கத் தெரியாதே அம்மா,” என்றேன். எங்கள் வீட்டில் பொத்தான் அறுந்தாலும் அப்பாதான் தைப்பார்.

அம்மா என்னைக் கனநேரம் பார்த்தார். கோபம் இல்லை. “ஓம், தெரியாதுதான்,” என்றார்.

அடுத்த நாளே கீழ்வீட்டு அன்ரியிடம் போனார். யாழ்ப்பாணத்து அன்ரி, மெஷின் வைத்து எங்கள் ஆட்களுக்குச் சாறிச் சட்டை தைப்பவர். அம்மா காலையில் போனால் மத்தியானம்தான் வருவார். வந்தும் விடமாட்டார். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து வைத்துக்கொண்டு நேர்த்தையல் போடுவார். தையல் பாம்புபோல ஓடும். பிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. இப்படி வெறி பிடித்துப் பழகுகிற ஆளைத் தான் கண்டதில்லை என்று அன்ரி அப்பாவிடம் சொன்னார். சிஞ்ஞோரா தந்த உடுப்பு ஒன்றை வெட்டி எனக்குப் பச்சைப் பாவாடை தைத்தார். ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். எனக்கு அது போதும்.

ஒவ்வொன்றையும் முடித்ததும் என்னிடம் கொண்டுவருவார். “இது என்ன?” என்று கேட்பார். “கரைத் தையல்,” என்பேன். “ஆர் தைச்சது?” “நீங்கள்.” “வடிவாய்ப் பாத்தனியோ?” “ஓம், பாத்தனான்.” அதன்பிறகுதான் அடுத்ததைத் தொடங்குவார்.

பள்ளிக்கூடம் தொடங்கியபின், பகேரியாவில் ஒரு வீட்டுக்கு ஆள் தேவை என்று தெரிந்து மூன்று பேரும் ரயிலில் போனோம். அந்தச் சிஞ்ஞோரா ஒப்பந்தம் எழுதித்தான் ஆள் எடுப்பாராம். கேள்விகளும் நிறையக் கேட்டார். சமைப்பாரா, கிழவரைத் தூக்கி இருத்துவாரா, நாய்க்குப் பயமா என்றெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். வீட்டுவேலையைத் தவிர உன் அம்மாவுக்கு வேறு என்ன தெரியும்?

என் தோளில் இருந்த அப்பாவின் கை இறுகியது. வலித்தது. அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தையல்,” என்றேன். தொடங்கிய பிறகு என் வாய் நிற்கவில்லை. நேர்த்தையல், கரைத் தையல், பொத்தான் ஓட்டை, படுக்கை விரிப்பு, பிரித்துப் பிரித்துத் தைத்தது, விரலில் குத்தியது, எல்லாம் சொன்னேன். எழும்பி நின்று பாவாடையைச் சுற்றிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போய், கரை பிரிந்த திரைச்சீலை ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் போட்டார். அம்மா ஊசியில் நூலைக் கோத்து, கரையை மடித்து, அந்தம் வரை தைத்துக் கொடுத்தார். சிஞ்ஞோரா விரலால் தடவிப் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார், ஒப்பந்தத்துக்கு வேண்டிய கடதாசிகளோடு.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அம்மா என் பாவாடையின் ஏறியிறங்கிய கரையைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு வடிவாய் ஒரு பாவாடை தைத்துத் தர வேண்டும் என்றுதான் அம்மா அவ்வளவு பாடுபட்டுத் தையல் பழகினார் என்று, அப்பா எல்லாம் சொன்ன என் பதினெட்டாவது வயதுவரை நான் முழுமனதோடு நம்பிக்கொண்டிருந்தேன்.