ஈரத்தில் எடுத்த அளவு

2024 ஜூன் 15, சனிக்கிழமை. எழுந்தது 5.10. மாடித் தொட்டியில் தண்ணீர் முக்கால் அளவு இருந்தது. மோட்டார் போட்டு 5.35-க்கு நிறுத்தினேன். நடை நாற்பது நிமிடம். மேல்காற்று பலமாக இருந்ததால் திரும்பும்போது மட்டும் மூன்று நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. காலைக்கு இட்லி நான்கு. 8.20-க்குப் பட்டறையைத் திறந்தேன். முந்தின நாள் ஊற்றிய ரெசின் காய்ந்திருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

எங்கள் பட்டறையில் ஃபைபர் வேலை. தண்ணீர்த் தொட்டி மூடி, குளியலறைக் கதவு, பஸ்ஸுக்கு முன்முகம், இப்படி. கோவில்பட்டியில் பந்தயக் காருக்கு உறுப்பு செய்து தரும்படி யாரும் கேட்டதில்லை, என் தங்கையைத் தவிர. தங்கை பல் மருத்துவர். வயது நாற்பத்தாறு. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மூன்று வருடம் முன் வாங்கினாள். கோயம்புத்தூர் பக்கம் ஒரு பந்தயத் தளத்தில், சொந்தக் காரைக் கொண்டுவந்து நேரம் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கென்று சில நாட்கள் உண்டு. போன முறை கடைசி வளைவில் காரின் பின்பக்கம் லேசாகத் தூக்கியது. பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். அந்த வளைவில் காலை எடுக்காமல் ஒரு முறை போக வேண்டும் என்பது அவள் ஆசை. ஜூன் 16, ஞாயிறு, பகல் இரண்டு மணி அவளுக்குக் கொடுத்த நேரம். இதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது.

பின்பக்கம் தூக்காமல் பிடித்துக்கொள்வதற்குத்தான் டிஃப்யூசர். காரின் வயிற்றுக்கு அடியில் ஓடிவரும் காற்றை வால்பக்கம் மேல்நோக்கி அகலமாக வெளியே விடும் ஒரு சரிவுத் தட்டு. அதன் அடிப்பக்கம் சீப்புப் பல் போல நான்கு தகடுகள் நிற்கும். பதினாறு வருடமாகப் பட்டறையில் என்னோடு இருக்கும் அண்ணாச்சி, இதை நான் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கியபின், "வண்டிக்குக் கோவணம்னு சொல்லுங்க மொதலாளி" என்றார்.

காரோடு வந்த டிஃப்யூசர் போன வாரம் உடைந்தது எங்கள் தெருமுனை வேகத்தடையில். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகும்போது வால் இடித்துப் பாதி தொங்கியது. தொங்கும் உறுப்போடு வந்தால் பந்தயத் தளத்தில் உள்ளே விடமாட்டார்கள். கழற்றிவிட்டு ஓட்டினால் அந்த வளைவு முன்னைவிட மோசம். வெளியூரில் சொல்லி வரவழைக்க ஆறு வாரம் ஆகும்.

"அண்ணே, அந்த மேட்டப் போடச் சொல்லி வீடு வீடாக் கையெழுத்து வாங்குனது யாரு?" என்று கேட்டாள்.

நான்தான். கையெழுத்து முப்பத்தெட்டு. கையெழுத்துப் போட்டது தெருக்காரர்கள், மேட்டைப் போட்டது நகராட்சி. எவ்வளவு உயரம் வேண்டும் என்று மட்டும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே டிஃப்யூசரை நானே செய்து தருவதாகச் சொன்னேன்.

முதலில் அந்தச் சரிவை அப்படியே ஒரு மாதிரியாகச் செய்து, அதன் மேல் ஃபைபர் பாயையும் ரெசினையும் அடுக்கிக் காயவைத்து உரித்து எடுக்க வேண்டும். அண்ணாச்சி மரத்தில் செய்வோம் என்றார். மரத்தில் வளைவு சரியாக வராது, கரிசல் மண்ணில் செய்வோம் என்றேன் நான். கயத்தாறு வழியில் இருக்கும் எங்கள் புஞ்சையிலிருந்து இரண்டு மூட்டை வந்தது.

"நம்ம மண்ணு அண்ணாச்சி. வெண்ணெ மாதிரி இழையும். ஒட்டுனா விடாது."

"ஒட்டுனா விடாது, சரி. காஞ்சா வெடிக்குமே?"

"வெடிச்ச எடத்துல பட்டி போட்டுக்கிடலாம்."

மண்ணைச் சலித்து, பிசைந்து, செவ்வாய்க்கிழமை மாலைக்குள் பலகை மேல் மாதிரியைச் செய்துவிட்டேன். வளைவு நான் நினைத்ததைவிட நன்றாக வந்தது. அகலம் 1420 மில்லிமீட்டர். நான்கு முறை அளந்தேன், நான்கு முறையும் 1420. நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டேன். புதனும் வியாழனும் மேல்காற்றில் காய்ந்தது. விரல் நுழையும் அளவுக்கு ஏழு வெடிப்புகள். ஏழையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மெழுகு பூசி, வெள்ளிக்கிழமை ரெசின் ஊற்றினோம். மறுபடியும் அளக்கவில்லை. அளந்து எழுதி அடிக்கோடும் இட்ட ஒன்றைத் திரும்ப அளப்பது என்னை நானே சந்தேகப்படுவது போல இருந்தது.

சனிக்கிழமை 9.40-க்குத் தங்கை காரோடு வந்தாள். தட்டை உரித்து எடுத்தோம். மண் தொட்ட பக்கம் கண்ணாடி போல இருந்தது. அண்ணாச்சிகூட விரலால் தடவிப் பார்த்தார். காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, இடதுபக்கத் துளைக்கு போல்ட் போட்டேன். வலதுபக்கத் துளை வரவில்லை. அப்படி இப்படித் தள்ளிப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து தட்டை அளந்தேன். 1388.

"முப்பத்திரண்டு மில்லி எங்கண்ணே போச்சு?" என்றாள்.

மண் வெடித்ததைத்தான் நான் பார்த்தேன். வெடித்தது போக ஓரங்களும் உள்ளே வாங்கியிருக்கின்றன. கோடையில் புஞ்சையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அந்த மண்ணைத் தவிர வேறெந்த மண்ணும் இதற்கு உதவாது என்று இரண்டு மூட்டை வரவழைத்தவனும் நான்.

"நாலு தடவ அளந்தீங்கல்லா? நாலும் ஈரத்துல. பல்லு செட்டுக்கு அச்சு எடுத்தா நாங்க உடனே அதுல பிளாஸ்டர ஊத்திருவோம். கொஞ்சம் காயவிட்டாலும் சுருங்கிரும். மொத வருசத்துப் பிள்ளைகளுக்கே தெரியும்."

"என்கிட்ட முன்னாலயே சொல்ல வேண்டியதுதானேட்டி?"

"மண்ணுல செய்யுதேன்னு நீங்க எப்பச் சொன்னீங்க? 'டெக்னிக் ஒண்ணு இருக்கு'ன்னீங்க."

அண்ணாச்சி சுவரில் சாய்த்து வைத்திருந்த மரப்பலகை ஒன்றை எடுத்து, தூசி தட்டி, என் கண்ணில் படும்படி இன்னொரு இடத்தில் சாய்த்து வைத்தார்.

புதிதாகச் செய்ய நேரம் இல்லை. காலை நான்கரைக்கு அவள் கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகவில்லை என்று சொல்லிவிடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் கைபேசியை எடுத்து, பார்த்து, திரும்ப உள்ளே வைத்தாள். அது எனக்குக் கிண்டலைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "அண்ணே, நட்டநடுவுல அறுத்துருங்க."

"ஏட்டி, ஒண்ணா வார்த்தது."

"அறுத்து, ரெண்டு துண்டையும் அதது எடத்துல மாட்டுங்க. நடுவுல எவ்வளவு இடைவெளி வருதோ, அதுக்குப் பிரிட்ஜ் கட்டுங்க. பல்லு போன எடத்துல நாங்க வேற என்ன செய்யுதோம்?"

"டாக்டரம்மா சொல்லுததுதான் சரி" என்றார் அண்ணாச்சி. ரம்பம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

அறுத்தோம். நடுவிலிருந்த மற்றத் துளைகளை அரம் வைத்துக் கொஞ்சம் நீட்டி, இரண்டு பாதியையும் காரிலேயே மாட்டினோம். இடைவெளி நான் கணக்குப் போட்டபடியே 32. ஒட்டுப் பட்டை கட்டி, ஃபைபர் பாய் மூன்று அடுக்கு வைத்தோம். பாயை அவள்தான் வைத்தாள். மருத்துவமனைக் கையுறையை மாட்டிக்கொண்டு, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, "வாயத் தெறங்க, இன்னும் கொஞ்சம்" என்று காரிடம் பேசிக்கொண்டே. ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரை நான் அளவு பார்த்துக் கலந்து கொடுத்தேன். அதையும் இரண்டு முறை அளக்கச் சொன்னாள். காற்றும் வெயிலும் இருந்ததால் மூன்றரைக்கு இறுகிவிட்டது. கழற்றி மேல்பக்கமும் இரண்டு அடுக்கு வைத்தோம். அடிப்பக்கம் ஒட்டுத் தெரியாமலிருக்க அந்த இடத்தில் ஒரு தகட்டை நிறுத்தினேன். நான்கு தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

"ஒரு பல்லு கூடிப்போச்சே?" என்றார் அண்ணாச்சி.

"அது ஞானப்பல்லு அண்ணாச்சி. வயசு போனப்புறம் முளைக்கிறது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

6.20-க்குக் கடைசி போல்ட் முடுக்கினோம். தட்டைப் பிடித்துத் தொங்கும்படி அண்ணாச்சியிடம் சொன்னேன். தொங்கினார். அசையவில்லை. அவர் எடை எழுபத்திரண்டு. காரை எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினோம். தெருவுக்குள் வர, சுற்றிக்கொண்டு மறுபக்கம் உள்ள மண் பாதையில் ஏறினாள்; அங்கே மேடு இல்லை, ஆனால் இன்னொரு முறை அதில் போனால் அடித்தட்டு முழுக்கக் கல் தெறிக்கும் என்றாள். இரவு நோட்டில் 1420-க்குப் பக்கத்தில் 'ஈரத்தில்' என்று எழுதினேன். அடிக்கோட்டை அழிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு. எழுந்தது 3.50. மோட்டார் போடவில்லை. முதல் வேலையாக டேப்பையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய் வேகத்தடையை அளந்தேன். 146 மில்லி. வீட்டு வாசலுக்கு வந்து, புது டிஃப்யூசருக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தேன். 112. இரண்டையும் மறுபடி அளந்தேன், மாறவில்லை. பட்டறையிலிருந்து நீளமான சாரப் பலகை நான்கைத் தூக்கி வந்து, கார் மெல்ல ஏறி இறங்கும்படி மேட்டுக்கு இரு புறமும், சக்கரத்துக்கு இரண்டு இரண்டாகச் சரிவாகப் போட்டேன். கிளம்பி வந்தவள் நடுத்தெருவில் மண்டியிட்டிருந்த என்னைக் கண்டு கண்ணாடியை இறக்கினாள். காரைப் பலகை மேல் ஏற்றினாள். ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்கினாள். ஐந்தாவது தகடு மேட்டைத் தொடாமல் தாண்டியது.

நான் பலகையை எடுக்கக் குனிந்தேன்.

"அங்கனயே கெடக்கட்டும்ணே" என்றாள். "ராத்திரி திரும்பி வரணும்லா."