நான்காகப் பிரித்த ஹார்ட் டிஸ்க்

மச்சானுடைய லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடி மூடியைக் கழற்றியதும் முதலில் வந்தது நாற்றம். காற்றாடி இறக்கைகளுக்கு நடுவே காய்ந்த இறால் மீசைகள், ஒரு கரப்பான் முட்டைக் கூடு, உப்பும் தூசியும் சேர்ந்து பிசினாகிப்போன சாம்பல் நிறக் களிம்பு. கோட்டைக்குப்பத்தில் இறால் வாங்கும் கொட்டகையில், படம் பார்ப்பதற்காக அவர் ஐஸ் பெட்டிமேலேயே வைத்திருந்த லேப்டாப் அது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது.

என் மனைவி வாசற்படியில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இதுலயா என் கொரல வெக்கப் போற?”

“வேற லேப்டாப்பு இன்னா கீது நம்மகிட்ட?”

“அய்ய, செத்த எலி மாதிரி நாறுதுயா.”

உண்மைதான். ஆனால் அந்தக் குரலை எங்கேயாவது வைத்தாக வேண்டிய நிலைமை. எங்கள் பாட்டுக் குழுவில் பாடுவது அவள். டிரம் வாசிப்பது அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். டோலக் வாசிப்பவர் ஏரியில் வலை போடுகிற ஓர் அண்ணன். கீபோர்டு மாஸ்டர் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் மைக் செட் ஆள். அதுவரை எங்கள் பாட்டை ஒரே போனை நடுவில் வைத்துத்தான் பதிவு செய்தோம். அதில் டிரம் மட்டும்தான் இருக்கும். ஆரம்பாக்கம் பக்கத்து ஊர் ஆடித் திருவிழாக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, பாடுவது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், வேறு ஏதாவது இருந்தால் போட்டுக் காட்டுங்கள் என்றார்கள்.

அவர்கள் போனதும் மச்சான் சொன்னார்: “தங்கச்சி கொரலுக்குப் பவரு பத்தல மாப்ளே. பொன்னேரில ஒரு பொண்ணு கீதாம். ஆடிக்கு அத்த இட்டாந்துடலாம்.”

என் மனைவி அடுப்படியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். கெளுத்தியின் தலையைத் தேவைக்கு அதிகமான வேகத்தில் அறுத்தாள். ஆடித் திருவிழாவில் பாடுவது அவளுக்கு வருஷம் முழுக்கக் காத்திருக்கிற விஷயம். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

குரலில் ஒரு குறையும் இல்லை. அந்த டிரம்முக்குப் பக்கத்தில் கடலையே கொண்டுவந்து வைத்தாலும் அலைச் சத்தம் கேட்காது. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக் என்று தனித்தனியாகப் பதிந்தால் அவள் குரலை மட்டும் தூக்கிவிடலாம். அதற்காக நான்கு மைக் செருகும் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தேன். லேப்டாப் மச்சானுடையது. கொடுப்பதே பெரிது என்று சொல்லிக்காட்டியபடி கொடுத்தார்.

நான் எட்டாவதோடு நின்றவன். போனில் வீடியோ பார்த்துத்தான் எல்லாம். விண்டோஸ் இருக்கிற இடத்தில் பாட்டைப் பதியக் கூடாது, ஹார்ட் டிஸ்கில் தனியாக இடம் ஒதுக்க வேண்டும், அதைத் துடைத்து ஃபார்மேட் செய்ய வேண்டும், வைரஸ் பார்க்கிற புரோகிராமை நிறுத்த வேண்டும், லேப்டாப் பாதியில் தூங்கிப்போகாமல் செட்டிங் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, செய்தோமா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஒரு பயம். போகாமல் இருந்து நான் தப்பான இடத்தை அழித்துவிட்டால் என்று இன்னொரு பயம்.

டிஸ்கைத் திறந்தால் உள்ளேயும் அதே குப்பை. ஒரே கல்யாண வீடியோ எத்தனையோ முறை காப்பி ஆகிக் கிடந்தது. நாமே திறக்காமல் தானாகத் திறக்கிற சீட்டாட்டம். பல்லைக் காட்டிக்கொண்டு மூலையில் எட்டிப் பார்க்கிற விளம்பரப் பெண். நண்டின் காலைப் பிய்த்துவிட்டு அது நடப்பதைப் பார்த்துச் சிரிக்கிற வீடியோ ஒன்று.

“மச்சான், இதெல்லாம் அழிச்சிடட்டா?”

“கை வெச்சுப் பாரு. பாதி டிஸ்கு என்னுது. மிச்சம் வேணா எடுத்துக்கோ.”

புயல் பாதுகாப்பு மையத்தின் சாவியை வாங்கி அங்கேதான் பதிவை வைத்துக்கொண்டோம். புயல் இல்லாத நாளில் அது வலைக் கிடங்கு. எதிரொலி வராமலிருக்க சுவர் நெடுக வலைகளைத் தொங்கவிட்டேன். ஈரம் காயாத வலைகள். கண்ணிகளில் செத்த நண்டுகள் அழுகிக்கொண்டிருந்தன. தரையில் ஆட்டுப் புழுக்கை. மாஸ்டர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கீபோர்டைப் பிரித்தார்.

மிச்சமிருந்த பாதியை ஒரே டிரைவாக வைக்கப் போகிறேன் என்றதும் டோலக் அண்ணன் நிமிர்ந்தார்.

“நாலு பேரு வாசிக்கிறோம், ஒரே எடத்துலயா போடுவ? அது இன்னா நாயம்? ஆளுக்கொரு எடமா பிரி.”

எங்கள் ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை உண்டு. ஒருவர் இடத்தில் இன்னொருவர் வலை விட்டால் ஊர் கூடிவிடும். அந்த முறையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஹார்ட் டிஸ்கும் ஏரி மாதிரித்தான் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. எந்த டிராக் எந்த டிரைவில் போக வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லும் வசதி வேறு அந்த சாஃப்ட்வேரில் இருந்தது. நான்காகப் பிரித்தேன்.

உடனே சண்டை. “எனக்கு மேளம் நாலு கீது, பெருசா குடு,” என்றார் மச்சான். டோலக் அண்ணன் முதல் இடம் கேட்டார். தனக்கு எங்கே என்று மாஸ்டரும் எட்டிப் பார்த்தார். கண்ணுக்கே தெரியாத இடத்துக்கு இத்தனை பேராசை. எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு கடைசியில் மிஞ்சிய துண்டு என் மனைவிக்கு.

“எனக்கு எங்கன்னாலும் சரி. பாடட்டா?” என்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. டிரம், டோலக், கீபோர்டு. அவள் வாயைத் திறந்து முதல் வரி முடிப்பதற்குள் திரையில் ஒரு கட்டம் வந்து பதிவு நின்றது. டிஸ்க் வேகம் போதவில்லையாம்.

“பாத்தியா, இவ பாடுனதும் நின்னுடுச்சு. மிஷினுக்கே பிடிக்கல!” மச்சான் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை என்றாலும் யாரும் தடுக்கவும் இல்லை.

மறுபடி வைத்தேன். மறுபடி நின்றது. காற்றாடி சூடாகிச் சுற்றச் சுற்ற அழுகிய இறால் ஓட்டு வாடை அறை முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குள் அடித்துக்கொண்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பில் காதை வைத்தேன். உள்ளே டிஸ்க் கர்ரக், கர்ரக் என்று அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டிஸ்கில் சுற்றுகிற தட்டு இருக்கும், எழுதுகிற முனை அதன் மேல் நகர்ந்து நகர்ந்து எழுதும் என்று வீடியோவில் காட்டியது அப்போதுதான் உறைத்தது. ஒரே தட்டில் நான்கு மூலைக்கும் அதை நான் துரத்திக்கொண்டிருந்தேன்.

“அண்ணே,” என்று டோலக் அண்ணனைக் கூப்பிட்டேன். “ஒரே படக வெச்சுகினு ஏரியோட நாலு மூலையிலயும் ஒரே நேரத்துல வல உடுவியா?”

“எவனாவது உடுவானா? லூசாடா நீ?”

“அத்தத்தான் பண்ணிகினு கீறோம்.”

அவர் லேப்டாப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ஒண்ணாக்கித் தொல.”

“அதெப்டி? எல்லாம் கலந்துடும்,” என்றார் மச்சான்.

“ஏன்ணா, உன் கொட்டாய்ல ஒரே ஐஸ் பொட்டில நாலு பேரு கூடைய வெக்கிறியே, கலந்தா போவுது?” என்றாள் என் மனைவி. டோலக் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

நான்கையும் அழித்தேன். அழித்தால் எல்லாம் போய்விடும் என்கிற எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வந்தது. அந்த ஒரு ஆங்கிலம் மட்டும் எனக்கு நன்றாகப் புரியும். விரலை வைத்துவிட்டு எடுத்து, விண்டோஸ் இருக்கும் டிரைவைத் தொடவில்லையே என்று பார்த்து, மனைவியையும் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் அழுத்தினேன். ஒரே டிரைவாக்கி ஃபார்மேட் செய்து, டிராக்குகளை அங்கே திருப்பினேன்.

இந்த முறை பாட்டு முழுவதும் ஓடியது. நிற்கவில்லை. நான்தான் மூச்சு விடாமல் இருந்தேன்.

ஒவ்வொரு டிராக்காகத் தனியே கேட்டோம். மனிதன் தன் சத்தத்தைத் தனியாகக் கேட்கவே கூடாது. மாஸ்டருடைய மைக்கில் ஓயாத தொண்டைக் காறல். டோலக்கில் நடுநடுவே மூக்கு உறிஞ்சல். அப்புறம் டிரம் டிராக்கைப் போட்டேன். தொடக்கத்தில் டிரம் ஓய்ந்து அவள் பாட ஆரம்பிக்கிற இடம். அங்கே மச்சானின் குரல், முணுமுணுப்பாக, தெளிவாக: “இதுக்கு ஒரு மைக்கு வேற. கர்மம்.”

எல்லாரும் வலைகளைப் பார்த்தோம்.

“அழிச்சிடு மாப்ளே. சும்மா வாயில வந்துது,” என்றார்.

“அழிக்காத,” என்றாள் அவள். “என்னுத போடு.”

போட்டேன். அவள் குரல் மட்டும் வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து, அவசரமில்லாமல், ஒரு இடத்திலும் சுருதி விலகாமல். அண்ணனின் டிரம் அதற்குப் பின்னால், அடுத்த தெருவில் எங்கோ யாரோ தகரம் தட்டுகிற மாதிரி. நான் டிரம்மை இறக்கி அவளை ஏற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். “ஆடிக்கு நான்தான் பாடுவேன். நீ வேணா டிரம்முக்குப் பொன்னேரில ஆள் பாரு.”

மச்சான் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, இந்தப் பெண்தானே அன்றைக்கும் பாடியது என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். தேதி கொடுத்தார்கள். தங்கச்சியின் குரலைத் தான்தான் கண்டெடுத்தது போல மச்சான் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர்களுக்குப் போட்ட பாட்டில் அந்த முணுமுணுப்பை வெட்டிவிட்டிருந்தேன். டிஸ்கில் அது அப்படியே இருக்கிறது. அவள் அழிக்க விடவில்லை. மச்சான் லேப்டாப்பைத் திருப்பிக் கேட்கிறார், நான் இன்னும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்றாடி சுற்றி, எவ்வளவு தேய்த்தும் போகாத அந்த வாடை மேலே வருகிறது. அவள் இப்போது மூக்கைப் பொத்துவதில்லை.

“போடு, கேக்கலாம்,” என்கிறாள்.