லோடு ஏறினால் திக்கும் வண்டி

அவருக்குத் தெருவில் வைத்த பெயர் செங்கல் மாப்பிள்ளை. மாமனார் வீட்டோடு தங்கிவிட்டவர். மாமனாருக்குச் செங்கல், மணல், சிமென்ட் விற்கும் கடை. கீழே கடை, லாரி நிற்கும் முற்றம்; மேலே வீடு. கல்யாணமான புதிதில் மாமனார் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். "கை சேர்ற வரைக்கும் வண்டிய கொஞ்சம் பாத்துக்கோங்க மாப்பிள்ளை" என்றார். கை சேர்ந்தது. பெண் குழந்தை பிறந்தது. அவள் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பித்துவிட்டாள். லாரிச் சாவியை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அதற்கு முன் அவர் பிஸ்கட் ஃபாக்டரியில் பேக்கிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் மாறினாலே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

மாமனார் வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுதான் கஷ்டம். சண்டை என்று ஒன்று வந்தால் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கலாம். "மாப்பிள்ளைக்கு ஃபேனைப் போடு", "மாப்பிள்ளை சாப்பிட்டாரா" என்று சுற்றிச் சுற்றி வருகிறவர்களிடம் எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது? செருப்பை மாட்டினால் போதும், மாமியார் வாஞ்சையாக எட்டிப் பார்ப்பார். "எங்க மாப்பிள்ளை, வெளியவா?" அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். படுக்கையறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் லாரியின் கூரை.

அந்தச் சமயத்தில்தான் பழைய ஃபாக்டரிக் கூட்டாளி போன் செய்தார். வேறு ஊரில் புதிதாக ஒரு ஃபாக்டரி. மெஷினுக்கு ஆள் தேடுகிறார்கள். குடியிருக்க வீடும் உண்டு. அன்றே மனைவியிடம் சொன்னார்.

"அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"உங்க அப்பாதானே. நீ சொல்லேன்."

"நான் சொன்னா நீங்க தூண்டிவிட்டுப் பேசறேன்னு நினைப்பார்."

பேச்சு அதோடு நின்றது. மறுநாளும் அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் நின்றது.

அவருக்கு மிச்சமிருந்த நம்பிக்கை லாரி ஒன்றுதான். மாமனார் வாய்க்கு வாய் சொல்வார், "இந்த வண்டி ஓடுற வரைக்கும்தான் கடை. வண்டி படுத்துட்டா ஷட்டரை இறக்கிட்டு நானும் உக்காந்துடுவேன்." வண்டிக்கு வயது கொஞ்சமில்லை. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் லாரி. அந்த மாதிரி வண்டியைத் தெருவில் பார்ப்பதே அபூர்வம்.

அந்த லாரி ஒரு நாள் மேட்டுத் தெரு ஏற்றத்தில் திக்க ஆரம்பித்தது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. காலியாக இருந்தால் ஏற்றத்திலும் குறை இல்லை. செங்கல் நிறைய ஏற்றிக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால்தான் சிக்கல். முன்னே ஓர் எட்டு வைக்கும், மூச்சை இழுக்கும், கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் தும்மும், குலுங்கும். செங்கல் மாப்பிள்ளைக்குப் பயம் வந்தது. கூடவே ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மெக்கானிக் வந்தார். பிளக்கை மாற்றினார், பாயின்டைத் தேய்த்துச் சரி செய்தார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் பண்ணினார். காலி வண்டியை ஏற்றத்தில் ஓட்டிக் காட்டினார். வெண்ணெய் மாதிரி போனது. மாமனாரும் ஒரு தடவை காலியாக ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து மாப்பிள்ளை தோளில் கை போட்டார்.

"வண்டில ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. உங்க கால்தான் கொஞ்சம் அவசரப்படுது. பெடலை மெதுவா, பக்குவமா மிதிங்க."

இத்தனை வருஷத்தில் அவரைச் சுருக்கென்று தைத்தது அந்த ஒரு வார்த்தைதான். அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு, "என் காலாம்" என்றார்.

"எந்தக் கால்? வலிக்குதா?"

"பெடல் மிதிக்கத் தெரியாத கால்."

அவள் சிரித்துவிட்டாள். அது அவரை இன்னும் தைத்தது.

மறுநாள் காலை லோடு ஏறி முடிந்ததும், "மாமா, நீங்களும் கூட வாங்க" என்றார். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மேட்டுத் தெருவில் பாதி தூரத்துக்கு மேல் இரண்டு பக்கமும் கருங்கல் மதில். லாரி நுழைந்தால் கதவை ஒரு சாண்கூடத் திறக்க முடியாது. சரியாக அங்கே போய் வண்டி திக்கியது. ஒரு தும்மல், ஒரு குலுங்கல், பிறகு நின்றுவிட்டது. பின்னால் ஒரு வேன், அதன் பின்னால் ஒரு கார். ஹாரன் சத்தம் மதிலில் மோதித் திரும்பியது. வெயில் நேராக முகத்தில் விழுந்தது. மாமனார் கைப்பிடியைப் பிடித்தபடி, "பின்னாலயும் போக முடியாதே மாப்பிள்ளை" என்றார்.

"முடியாது மாமா."

பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. கதவும் திறக்காது. பக்கத்தில் மாமனார், முதுகுக்குப் பின்னால் அவருடைய செங்கல். இப்படியே இங்கேயே இருந்துவிடுவோமோ என்று ஒரு கணம் தோன்றியது.

அப்புறம் கைகளுக்கு வேலை நினைவு வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இஞ்சினை உயிர்ப்பித்தார். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டார். முதல் கியரில் போட்டு நகர்த்தினார். மறுபடி திக்க ஆரம்பித்த அதே நொடியில் சோக் குமிழைப் பாதிவரை வெளியே இழுத்தார். சோக் காற்றைக் குறைக்கும். குறைந்த காற்றில் பெட்ரோலின் பங்கு கூடும். இஞ்சின் தலையை உதறிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தது. முக்கி முனகி மேலே ஏறிவிட்டது.

செங்கல் இறக்கும் இடத்தில் வண்டி நின்றதும் மாமனார், "நீங்க மிதிச்சதைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். கால் இல்ல" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வயசாயிடுச்சு, எனக்கும் இதுக்கும். வித்துட்டு கடையையும் மூடிடலாமான்னு இருக்கு. நீங்க சொல்லுங்க. இது சரியாகுமா?"

அவர் எதிர்பார்த்திருந்த கேள்வி அது. ஆகாது மாமா என்று ஒரு வார்த்தை போதும். கூட்டாளிக்கு அன்று மாலையே போன் போட்டிருக்கலாம்.

"ஆகும்" என்றார். "பெட்ரோல் பத்தல, அவ்வளவுதான். வர்ற வழியில எங்கயோ அடைப்பு."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. கேட்டார்கள், பதில் தெரிந்திருந்தது, வாயில் வந்துவிட்டது.

அன்று மதியம் அவரும் மெக்கானிக்கும் பானெட்டைத் திறந்தார்கள். கார்புரேட்டர் சுத்தம். அப்படியானால் பம்பா, பம்புக்கு முன்னாலா? ஒரு சின்ன கேனில் பெட்ரோல் ஊற்றி, பானெட் ஓரமாகக் கம்பியால் இறுக்கிக் கட்டி, புது ட்யூப் போட்டு நேராகப் பம்புக்குக் கொடுத்தார்கள். டேங்க்குக்கு வேலையே இல்லை. லோடோடு மேட்டுத் தெருவில் விட்டார்கள். ஒரு திக்கல் இல்லாமல் ஏறியது.

"அப்ப பம்பு நல்லா இருக்கு" என்றார் மெக்கானிக். "டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவுலதான் கோளாறு."

அங்கே ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நேற்று வாங்கிய மாதிரி கறுப்பாக மின்னியது. செங்கல் மாப்பிள்ளை அதைக் கழற்றி நீளவாக்கில் பிளேடால் கீறினார். உள்சுவர் பெட்ரோலில் ஊறி உரிந்து தொங்கியது. வண்டி மெதுவாகக் குடிக்கும்போது வழி விட்டது. ஏற்றத்தில் பெட்ரோல் நிறையத் தேவைப்பட்டு பம்பு வலுவாக உறிஞ்சும்போது உள்ளேயே ஒட்டி மூடிக்கொண்டது.

"காலி வண்டிய ஓட்டிப் பாத்தா எப்படித் தெரியும்?" என்றார் மெக்கானிக், சங்கடமாகத் தலையைச் சொறிந்துகொண்டு. புது ஹோஸ் மாட்ட வெகு நேரம் ஆகவில்லை.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார், "என் பையனா இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டான். இனிமே இந்த வண்டி மாப்பிள்ளையோடது. கடையும்தான்." மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை கையைப் பிசைந்தபடி நின்றார். விரலிடுக்கில் பெட்ரோல் வாசம் போகவே இல்லை.

மாடிக்கு வந்ததும் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்பா கேட்டாராமே. ஆகாதுன்னு சொல்லியிருக்கலாமே."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். இவளும் கிளம்பக் காத்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீ அப்பவே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள். மகளுடைய சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

கூட்டாளிக்குப் போன் செய்தபோது அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தார். மாமனார் உற்சாகத்தில் மேட்டுத் தெருவுக்கு மேலே கட்டப்போகும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மொத்தச் செங்கலையும் தருவதாக ஒப்புக்கொண்டு வந்திருந்தார். வேலை முடிய வருஷக்கணக்கில் ஆகும். செங்கல் மாப்பிள்ளை மறுநாள் விடிந்ததும் கீழே இறங்கி, லாரியைப் பின்னால் எடுத்து, லோடு ஏற்றச் செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினார்.