ஆள் கையில் போன விண்ணப்பம்

சிவசங்கரனுக்கு ஷார்ஜாவில் ஒரு குறையும் இல்லை. ரோலாவில் வீடு, வீட்டில் மனைவி நீலா, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ரசாயனக்கூட வேலை. ஆனால் எம்.எஸ்ஸி. படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: ஏன் என்று கேட்பது. குழாய்க்குள் சில இடத்தில் மட்டும் உப்பு ஏன் பாறையாகப் படிகிறது என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "சுரண்டிப் போடு, கலாஸ், வேலை முடிஞ்சுது" என்பார் மேனேஜர். இவர் சுரண்டினார், போடவில்லை. காலி ஜாம் பாட்டில்களில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீலாவின் சமையலறை அலமாரியில் பாதி ஊறுகாய், பாதி ஆராய்ச்சி.

1977 செப்டம்பரில், ஜெர்மன் பம்ப் வந்த பெட்டிக்குள் ஒரு பத்திரிகையும் கிடந்தது. அதில் ஆங்கிலத்தில் ஒரு விளம்பரம். உப்புப் படிவை ஆராயவும் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கவும் ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு ஆள் வேண்டுமாம். இந்த ஒரு வேலைக்காகவே தான் பிறந்ததாகச் சிவசங்கரனுக்குத் தோன்றிவிட்டது. கடைசித் தேதிக்கு ஆறே நாள்.

வளைகுடாவில் நம்மவர்கள் முக்கியமான எதையும் தபாலில் போடுவதில்லை. போகிற ஆள் கையில் கொடுப்பார்கள். ஆளும் அகப்பட்டார். ஆலையின் குழாய் மெக்கானிக், தூத்துக்குடி யேசுராஜ், பம்ப் பயிற்சிக்காக மறுநாள் ஜெர்மனி கிளம்புகிறார்.

"புரொபசர் கையிலதான் குடுக்கணும், யேசு. வேற யார்கிட்டயும் குடுத்துடாதேப்பா."

"கவலைய விடுங்க சார். எங்க மச்சான் கல்யாணத் தாலியே என் கையிலதான் ஊருக்குப் போச்சு."

விண்ணப்பம், மூன்று வருடமாக எழுதிய குறிப்பு நோட்டு, உப்பு அடைத்த ஒரு பாட்டில். நீலா இன்னொரு பாட்டிலையும் பைக்குள் செருகினாள். "எலுமிச்சங்கா ஊறுகா. வேலை கேக்கறோம், வெறுங்கையோடவா போறது?"

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்த யேசுராஜ், நேராகச் சிவசங்கரன் வீட்டுக்குத்தான் வந்தார்.

"கடைசித் தேதி அன்னைக்கே போயிட்டேன் சார். புரொபசர் ரூம் வாசல்ல ஒரு செக்ரட்டரி அம்மா கைய நீட்டுது. 'மாஃபி, நோ மேடம், புரொபசர் ஹேண்ட் ஒன்லி'ன்னு பையக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். மூணு மணி நேரம். பொறவு சாப்பிடப் போக அவரே வெளிய வந்தாரு."

"எந்தப் பாட்டிலை முதல்ல திறந்தார்?"

"ஊறுகாய. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாரு. இது எந்தக் குழாய்ல எடுத்ததுன்னு கேட்டாரு."

"ஐயோ! நீ என்ன சொன்னே?"

"கிச்சன்னு சொன்னேன்."

நீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவசங்கரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இருங்க சார், அடுத்தது உப்பு. அதப் பாத்ததும் மனுசன் சாப்பாட்டையே மறந்துட்டாரு. நோட்டப் புரட்டுறாரு, சூடு எவ்வளவு, எந்த வளைவுன்னு என்னைக் கேக்காரு. குழாய்க்குள்ள தவழுறவன் நான்லா? படம் போட்டே காட்டிட்டேன்."

சிவசங்கரன் தபால் பெட்டியைத் தினம் இரண்டு வேளை திறந்து பார்த்தார். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. வேலை அவருக்கே. கூடவே ஒரு வரி: படம் போட்டவருக்கும் ஆய்வுக்கூடத்தில் இடம் உண்டு, வருவாரா?

யேசுராஜ் யோசிக்கவே இல்லை. "அங்க மீன மாசக்கணக்கா ஐஸ்ல வச்சு விக்கான் சார். எனக்கு வேண்டாம்."

நீலாவுக்குத்தான் சந்தேகம். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாடம்?"

"நாலு."

"மிச்ச நேரம்?"

"யோசிக்கணுமாம்."

"இங்க சும்மா பண்றீங்களே, அதையா? அதுக்குச் சம்பளமா!"

அன்றைக்கே கம்பளி ஸ்வெட்டர் வாங்க ரோலா கடைத்தெருவுக்குப் போனாள். வெளியே அக்டோபர் வெயில் கொளுத்துகிறது. அவள் கேட்டதைக் கேட்டு ஜவுளிக் கடைக்காரர் செய்கு அலாவுதீன் பதறிப்போனார். ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டு, "உக்காருங்கம்மா, மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார்.