மா தூவிய வழி

கொழும்பில் ஓடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வைத்தியர் மிரட்டியதால் ஓடுகிறவர்கள் ஒரு வகை. ஓடியதைப் பற்றிக் கிழமை முழுவதும் கதைப்பதற்காக ஓடுகிறவர்கள் மற்ற வகை. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் மட்டும்தான் முதல் வகை. ஐம்பதைத் தாண்டியதும் சீனி வருத்தம் வந்தது. வெள்ளவத்தை அடுக்குமாடியில் உட்கார்ந்து உட்கார்ந்து நானே தேடிக்கொண்டது என்றார் வைத்தியர். அந்த ஆளின் வாயை அடைப்பதற்காகவே சப்பாத்து வாங்கினேன்.

கூட்டத்தின் தலைவர் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபது கடந்தும் முருங்கைக்காய் போன்ற உடம்பு. எல்லோரும் அவரைக் கப்டன் என்போம். அவர் கப்பல் ஓட்டியவர் அல்லர், கப்பலில் வந்த மூட்டைகளை எண்ணியவர். அதை அவர் முன்னால் சொல்ல யாருக்கும் துணிவில்லை. ஞாயிறு அவருக்குப் பூசை, ஆகவே எங்களுக்குச் சனி ஓட்டம்.

முதலில் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் ஓடினோம். பிறகு பெத்தகானச் சதுப்புநிலப் பூங்கா. அங்கே ஓடுகிறவர்களைவிடப் படம் எடுக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் கப்டன் எங்களை நாட்டுப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நுகேகொடையில் ரயிலேறிப் பாதுக்கையில் இறங்குவோம். வயல் வரம்பு, இறப்பர்த் தோட்டம், அதற்கப்பால் சின்னதாக ஒரு வனப் பூங்கா, திரும்பவும் வயல். காலைப் பனியில் அந்த இறப்பர் மரங்களுக்கு நடுவே ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது. மனிதர்கள்தான் பிடிக்கவில்லை.

ஓட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. நாங்கள் ஸ்டேஷன் கடையில் பிளேன்டீ குடிக்கும்போது கப்டன் ஒரு பை கோதுமை மாவோடு முன்னால் போய்விடுவார். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கைப்பிடி மா தூவுவார். பாதை பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் தூவுவார். பிழையான பக்கம் சிறிது தூரத்தில் பெருக்கல் குறி போன்ற ஒரு புள்ளடியோடு முடிந்துவிடும். வேகமாக ஓடுகிறவர்கள் பிழையான வழியில் போய்த் திரும்பி வருவதற்குள் மெதுவானவர்கள் எட்டிப் பிடித்துவிடலாம். நியாயமான விளையாட்டுத்தான். ஆனாலும் நான்தான் கடைசி. எல்லோரையும் முன்னால் தள்ளிப் பின்னால் கூட்டிக்கொண்டு வருகிறேனாம். அதனால் எனக்குத் 'தும்புத்தடி', அதாவது விளக்குமாறு, என்று பெயர் வைத்தார்கள். கப்டன்தான் வைத்தார். பெயர் வைப்பதில் அவருக்கு நல்ல கைராசி.

இது நாடே வரிசையில் நின்ற வருடம். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. பாணின் விலை கேட்டுத் திரும்பி நடந்தவர்களை நான் காலி வீதியிலேயே பார்த்தேன். அந்த வருடமும் கப்டன் மா தூவினார். "வண்டு விழுந்த மா தங்கச்சி, மனுசன் திங்க மாட்டான்" என்றார் என்னிடம். தெரிந்த கடையொன்றின் பின்னறையில் கிடந்து கிடைத்ததாம். அவர் சொன்னது பொய்யல்ல. அந்த மாவில் வண்டு இருந்தது.

ஒரு சனிக்கிழமை இறப்பர்த் தோட்டத்துக்குள் எனக்கு வழி தப்பியது. திருப்பத்தில் மா இல்லை. குனிந்து பார்த்தேன். மண்ணில் இலேசான வெள்ளை மட்டும் மிச்சம்; மேலே இருந்ததை யாரோ வழித்து எடுத்திருந்தார்கள். அடுத்த திருப்பத்தில் ஆளையே கண்டேன். மெலிந்த பெண். சேலைக்கு மேல் ஆண்களின் நீளக்கைச் சட்டை, இடுப்பில் இறப்பர்ப் பால் வெட்டும் கத்தி. குந்தியிருந்து ஒரு பலாவிலையால் மாவின் மேற்பக்கத்தை மட்டும் மெதுவாகத் துணியில் வழித்துக்கொண்டிருந்தாள். மண் பட்டதைத் தொடவில்லை.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எதற்கு என்று கேட்டேன். அவள் எழுந்து துணியைப் பின்னால் மறைத்தாள். "லமயிண்ட ரொட்டி" என்றாள். பிள்ளைகளுக்கு ரொட்டி சுட.

நான் ஏதாவது சொல்வதற்குள் என்னைத் தேடிக் கப்டன் திரும்பி வந்துவிட்டார். கூடவே எங்கள் கூட்டத்தில் ஓடும், பாமன்கடையில் கணக்காளராக இருக்கும் இளைஞன். துணியைப் பார்த்ததும் இருவருக்கும் விளங்கிவிட்டது.

"அதுதானே பாத்தன்" என்றான் கணக்காளன். "முன்னாலை தூவ, பின்னாலை உவள் அள்ளுறாள். ரெண்டு குடுங்கோ கப்டன், சிங்களத்திலை."

"சிங்களத்துல ஏசினா ஊரே கூடிரும்" என்றார் கப்டன். "தமிழ்லயே குடுப்போம். இவளுக்கு என்ன வெளங்கவா போகுது?"

கொழும்புத் தமிழரிடம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸில் போனில் கதைக்கும்போது குரலைத் தாழ்த்துவோம், யாருக்காவது கேட்டுவிடுமோ என்ற பயம். ஆனால் கடைக்காரனையோ காவற்காரனையோ திட்ட வேண்டும் என்றால் அதே தமிழை அவன் முகத்துக்கு நேரேயே எடுப்போம், சிரித்துக்கொண்டே. பயந்து பயந்து வாழ்கிறவர்களுக்குக் கிடைக்கிற மலிவான திமிர் அது. கப்டனுக்கு அதில் நல்ல பழக்கம்.

அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். குரலில் தேனைத் தடவிக்கொண்டார். "என்ன, பிச்சைக்கார நாயே, நல்லா இருக்கியா? பிள்ளைகளும் உன்னைப் போலக் கள்ளக் கூட்டம்தானா? அடுத்த சனிக்கிழமையும் வா. மாவுல எலி மருந்து கலந்து தூவி வைக்கிறேன். அள்ளிட்டுப் போய்க் குடும்பத்தோட தின்னு." ஆசீர்வாதம் கொடுப்பதுபோலக் கையையும் அசைத்தார். கணக்காளன் சிரிப்பை அடக்க மரத்தைப் பிடித்தான்.

"போதும் கப்டன்" என்றேன்.

"தும்புத்தடிக்கு ரோசம் வந்திருச்சு" என்றார்.

அவள் தலையைக் குனிந்தபடி முழுவதையும் கேட்டாள். பிறகு கையை நீட்டி, "எஹாட்ட யன்ன" என்று எங்களுக்கு வழி காட்டினாள். அது சரியான வழிதான். ரயிலில் நுகேகொடை வரும்வரை அந்தப் பகிடி திரும்பத் திரும்ப ஓடியது. எனக்கு எரிந்தது. இருந்தும் அடுத்த சனிக்கிழமையும் போனேன். சீனி வருத்தம் ரோசத்தைப் பார்ப்பதில்லை.

முந்தின இரவு மழை பெய்து விட்டிருந்தது. கப்டன் வழக்கம்போல முன்னால் போனார். நாங்கள் தேநீரைக் குடித்துவிட்டு ஓடினோம். இம்முறை ஒவ்வொரு திருப்பத்திலும் மா அப்படியே குவிந்து கிடந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. "மருந்து வேலை செய்திருக்கு" என்று முன்னால் யாரோ கத்துவதும் மற்றவர்கள் சிரிப்பதும் எனக்குக் கேட்டது. மெல்ல மெல்ல அவர்களின் சத்தம் தூரமாகிவிட்டது.

வனப் பூங்காவுக்குத் திரும்பும் சந்தியில் நான் வந்து நின்றபோது மா இல்லை. எந்தப் பக்கமும் இல்லை. ஈர மண்ணில் சப்பாத்துத் தடங்கள் வலப்பக்கம் ஸ்டேஷனை நோக்கிப் போயிருந்தன. இடப்பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியது, கோபமும் வந்தது. இவ்வளவு ஏச்சு வாங்கிய பிறகும் வந்து அள்ளியிருக்கிறாளே என்று. "மே பிட்டி கத்தே ஒயாத?" என்று கத்தினேன். இந்த மாவை எடுத்தது நீயா என்று.

அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"நாங்க எடுக்கலீங்கம்மா. மருந்து போட்ட மாவ யாரு எடுப்பா? அந்த ஐயா அங்க ஓடைக்குள்ள விழுந்து கெடக்காரு. அதுக்கு மேல மா போட ஆளில்ல."

தோட்டத்து லயத்துத் தமிழ், தொழிலாளர் வரிசை வீடுகளின் தமிழ். அவள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து அந்த மரங்களுக்கு நடுவே இருக்கிற தமிழ். நாங்கள் அவள் நெற்றிப் பொட்டையும் பார்க்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை.

"மத்தவங்க இப்பதானே போனாங்க, சொல்லலியா?" என்றேன். என் பேச்சுக்கூட அவள் பேச்சாக மாறிவிட்டது.

"கையக் காட்டிக் கூப்புட்டேன். 'கள்ளி, இண்டைக்கும் அள்ளிப்போட்டாள்'னு ஏசிட்டு ஓடிட்டாங்க. நிக்கவே இல்ல." அவள் குரலில் கோபம் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

கப்டன் சந்திக்கு இடப்பக்கம் மதகுக்குக் கீழே ஓடைக்குள் கிடந்தார். சந்தியில் மா தூவுமுன் வழி பார்க்கப் போனவர் பாசியில் வழுக்கியிருக்கிறார். இடுப்புக்குக் கீழே கால் தவறான பக்கம் திரும்பியிருந்தது. பாதி உடம்பு தண்ணீரில், உதடு நீலம். தலைக்குக் கீழே அவளுடைய நீளக்கைச் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. என்னைக் கண்டதும், "எல்லாரும் எங்க?" என்றார். உங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்றேன். இதமாகச் சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை.

போனில் நான் அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. ஓடும்போது எடுக்கக் கூடாது என்பது கப்டனே போட்ட சட்டம். அவள் லயத்துக்கு ஓடி மூன்று ஆண்களையும் ஒரு கதவுப் பலகையையும் கொண்டு வந்தாள். தோட்டத்து லொறிக்கு டீசல் இல்லை. பெரிய வீதிவரை தூக்கிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. அவரைப் பலகையில் ஏற்றியபோது அவர் போட்ட சத்தத்தில் பறவைகள் கலைந்தன.

மாப் பை கரையில் கிடந்தது. பாதிக்கு மேல் மா இருந்தது, நனையவும் இல்லை. அவள் அதைக் கையில் எடுத்து என்னிடம் கேட்டாள். "அம்மா, இதுல மெய்யாவே மருந்து இருக்குங்களா?"

எனக்குத் தெரியாது. நான் கப்டனைப் பார்த்தேன். "சொல்லுங்கோ" என்றேன். "அவ தமிழ். அண்டைக்கு நீங்கள் சொன்னது முழுக்க அவளுக்கு விளங்கினது. இப்ப மறுமொழியைச் சொல்லுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "இருக்கு. கலந்திருக்கேன்" என்றார்.

அவள் பையை அப்படியே தள்ளி வைக்கவில்லை. ஓடையோரம் பால் வெட்டும் கத்தியால் குழி தோண்டினாள். மா முழுவதையும் அதில் கொட்டி மண்ணைப் போட்டு மிதித்தாள். "கோழி, நாயி தின்னுப்புடும்" என்றாள். கையை ஓடையில் திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு வந்து பலகையின் ஒரு மூலையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கப்டனின் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் முழுவதும் நின்றது. தோடம்பழம், பிஸ்கட், பிரார்த்தனைப் படம். இடுப்புக்கு உள்ளே இரும்பு வைத்திருந்தார்கள். இனி அவர் ஓட மாட்டார். அந்தச் சந்தியில் அவர்கள் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அவர் அத்தனை நேரம் குளிர்ந்த தண்ணீரில் கிடந்திருக்க மாட்டார் என்று நான் சொன்னேன். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

கணக்காளன்தான் பேச்சை மாற்றினான். "அப்ப உண்மையாய் எலி மருந்து கலந்தனீங்களோ கப்டன்?"

"பைத்தியமா? சும்மா சொன்னேன்" என்றார். "இல்லன்னா பையோட கொண்டு போயிருப்பாளே."

"தோட்டக்காட்டுப் புத்தி, நம்பிப்போட்டாளாக்கும்" என்றான் அவன். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கப்டனும் சிரித்தார்; சிரித்ததில் இடுப்பு வலித்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கப்பா" என்றார். தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். நான் பார்த்தவரையில் அது அவரைச் சுட்டு ஆறவும் விட்டுவிட்டது. நான் கொண்டுபோன பழத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தனியே ரயிலேறினேன். ஓடவில்லை, நடந்தேன். கையில் கடையில் வாங்கிய புது மா, வாய் கட்டிய பையோடு. லயத்தின் கடைசிக் காம்பராவின் வாசலில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து இரண்டு பிள்ளைகள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அன்று அந்த மாவில் மருந்து இருக்கவில்லை, அந்த மனுசன் பொய் சொன்னது, நீ புதைத்தது நல்ல மா.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்புடீங்களா" என்றாள்.

நான் பையை நீட்டினேன். அவள் வாங்கி முகர்ந்து பார்த்தாள். முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லீங்களேம்மா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறவள் கேட்பதுபோலக் கேட்டாள். இல்லை, சத்தியமாக இல்லை என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு வாசலில் நின்ற கோழியைக் கூப்பிட்டு அதன் முன்னால் ஒரு கைப்பிடி மாவைப் போட்டாள்.

கோழி கொத்தித் தின்றது. பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னாள். எனக்கு ஒரு பலகைக் கட்டையைத் தள்ளி, "கொஞ்ச நேரம் உக்காருங்கம்மா" என்றாள். நாங்கள் இருவரும் அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.