கிணற்றில் மான், மேலே மைக்

போன வாரம் பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மச்சானிடமிருந்து போன். "மாப்ள, வூட்டுக்குப் போவாதீங்க. நேரா கொல்லைக்கு வந்துடுங்க. கெணத்துல மான் வுழுந்துடுச்சு!"

குரும்பலூர் தாண்டி அவர் கொல்லை; அந்தப் பக்கம் வயலுக்குக் கொல்லை என்றுதான் பேர். போய்ப் பார்த்தால் கிணற்றைச் சுற்றி பாதி ஊர் நிற்கிறது. உள்ளே முழங்கால் தண்ணீரில் ஒரு புள்ளிமான், வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு... பார்க்கவே பாவமாக இருந்தது.

தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. வனத்துறையிலிருந்து ஓர் இளம்பெண் காவலரும் வந்திருந்தார். அவர் சொன்ன முதல் விஷயம் — "யாரும் சத்தம் போடாதீங்க. காலு ஒடஞ்சாக்கூட மான் பொழச்சுக்கும். ரொம்ப மெரண்டுச்சுன்னா அதுலயே செத்துடும்."

எனக்குத் திக்கென்றது. ஊருக்கும்தான். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? முன்னால் நின்றவர் திரும்பி, "யோவ், சத்தம் போடாதீங்கய்யா!" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் இன்னும் உரக்க. பந்தல்காரர் ஒருவர் ஓடிப்போய், குழாய் ஸ்பீக்கரை மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேவிட்டார்.

"ஹலோ... மைக் டெஸ்டிங்... பொதுமக்கள் அனைவரும் அமைதி காக்குமாறு—"

மான் துள்ளிப்போய்ச் சுவரில் முட்டியது.

காவலர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். திட்டவில்லை. "அண்ணே, உங்களுக்கு நல்ல மனசுதான். ஆனா வேணாம்ணே."

ஒருவழியாக வலை போட்டுத் தூக்கினார்கள். மேலே வந்ததும் கண்ணைக் கட்ட வேண்டுமாம். அப்போதுதான் அடங்குமாம். கொண்டுவந்த துணியோ கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. மான் வலைக்குள் உதைக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது. போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"துணி குடுங்க, சீக்கிரம்!"

அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மேடம், ஊர் சார்பா..." என்று ஆரம்பித்து, ஜரிகை பளபளக்க ஒரு பொன்னாடையைக் காவலரின் தோளில் போர்த்தினார்.

பிரமுகர் சிரித்த முகத்தோடு செல்போன் கேமரா பக்கம் திரும்புவதற்குள், பொன்னாடை மானின் கண்ணில் இருந்தது.

உதைப்பு நின்றது. மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. கூட்டமும் நிஜமாகவே வாயை மூடியது. மானை வண்டியில் கொண்டுபோய்க் காட்டோரம் இறக்கிவிட்டதும் எழுந்து ஓடிவிட்டதாகச் சாயங்காலம் மச்சானுக்கு போன் வந்தது. அப்பாடா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரமுகருக்கு மட்டும் மனத்தாங்கல். "மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று மச்சானிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

இருக்கிறது சார், இல்லையென்று யார் சொன்னது? ஆனால், எத்தனையோ மேடைகளைப் பார்த்துவிட்ட எனக்குத் தெரிந்து, பொன்னாடை போர்த்திய பிறகும் நாலு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனது... அந்த மான் ஒன்றுதான்!