துடைக்காத கல்

மகளை அங்கன்வாடியில் விடப் போன இடத்தில் சத்துமாவு வாசனை வந்ததும், இன்று இடிபட்டு வெறும் பொட்டலாகிவிட்ட அந்தக் கீழச்சிவல்பட்டிப் பெரிய வீட்டுக்குள் நினைவில் போய்விட்டேன். என் சின்ன வயதில் எங்கள் அங்கன்வாடி அங்கேதான் நடந்தது. குளுகுளுவென்றிருக்கும் கறுப்புத் தரைக்கற்களில் டீச்சர் ஆளுக்கொரு எழுத்தைச் சாக்பீஸால் எழுதித் தர, அதன்மேல் விரலை ஓட்டி ஓட்டி நாங்களே வெளுத்துப்போவோம், சாயங்காலம் ஆயா ஈரத்துணியோடு வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்.

ஒருநாள் டீச்சர் எழுதித் தந்ததுமே காய்ச்சல் வந்து, நாலு நாள் கிடந்துவிட்டு, என் எழுத்து போயிருக்கும் என்று அழுதுகொண்டே போனேன். என் கல்லை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்திருந்தது.

“நீ இன்னும் எழுதிப் பழகலையே தாயி, நான் எப்படி அழிக்க?” என்றார் ஆயா.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தக் கல் யாருடையது என்று தெரியும்.